எதிரணியைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) பயிற்சியாளர் எடி ராபின்சனின் 408 வெற்றிகளைச் சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதாமல், சின்னக் கல்லூரிகளை வென்று சேர்த்த கணக்குதானே அது? அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பால் பிரையன்ட்டோடு அவரை எப்படி ஒரே தட்டில் வைக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மோதாமல் இருந்தாரா, மோதவிடாமல் வைத்திருந்தார்களா?

தீவன ஆலையில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த ராபின்சன், 1941-இல் லூசியானாவின் கிராம்பிளிங் என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் பயிற்சியாளரானார். அப்போது அவருக்கு வயது 22. தென்மாநிலங்களில் நிறவெறி சட்டமாகவே இருந்த காலம். நீங்கள் சொல்லும் அலபாமா அணிக்காக ஒரு கறுப்பின வீரர் முதன்முதலாகப் போட்டியில் இறங்கியதே 1971-இல்தான். கதவைச் சாத்தியவர்களை விட்டுவிட்டு, வெளியே நிறுத்தப்பட்டவரிடம் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

அவருக்கு உதவியாளர் பட்டாளம் இருக்கவில்லை. மைதானத்துப் புல்லை வெட்டுவதும், வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதுவதும் அவரே. வழியிலுள்ள உணவகங்கள் கறுப்பர்களை உள்ளே விடாது என்பதால், வெளியூர் ஆட்டங்களுக்கு சாண்ட்விச் செய்து எடுத்துப் போவார். காலையில் விடுதியில் மணியடித்துக்கொண்டே போய் மாணவர்களை வகுப்புக்கு எழுப்புவார். இந்த நிலையில்தான், பொறுப்பேற்ற மறு ஆண்டே, எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் எல்லா ஆட்டங்களையும் வென்றது அவருடைய அணி.

வெற்றிக் கணக்கைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. களத்தில் அணியை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்குக் கறுப்பர்களுக்கு அறிவு போதாது என்று தொழில்முறை அணிகளில் பலர் நம்பினார்கள். கல்லூரியில் அந்த இடத்தில் ஜொலித்தவரைக்கூட வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ராபின்சன் பிடிவாதமாக ஜேம்ஸ் ஹாரிஸை அந்த இடத்துக்கென்றே தயார் செய்தார். 1969-இல் பஃபலோ பில்ஸ் என்ற தொழில்முறை அணிக்காக, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கினார். அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில், அதாவது தொழில்முறை அணிகளின் இறுதி ஆட்டத்தில், இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன்களுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் பெறும் புள்ளிகள்) பந்தை எறிந்தார். அவருடைய வாஷிங்டன் அணி 42–10 என்று வென்றது, ஆட்டநாயகன் வில்லியம்ஸ். இவர்களையும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டோர் ராபின்சனிடம் பயின்று தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். சின்னக் கல்லூரி என்றீர்களே, அந்தக் கல்லூரியிலிருந்து!

பிரையன்ட் மாபெரும் பயிற்சியாளர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய 323 வெற்றிகளை ராபின்சன் 1985-இல் கடந்தார். கேள்வி கேட்க வேண்டுமானால் ராபின்சனின் கடைசி ஆண்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கலாம். 1995 முதல் தொடர்ந்து மூன்று பருவங்களிலும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். கொஞ்சம் முன்பே விலகியிருக்கலாம் என்பதுதான் என் கருத்தும். 1997-இல் விலகினார். அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ்.