அல்ஹம்துலில்லாஹ்வுக்கு அடுத்த கேள்வி

அன்புள்ள அக்கா,

ரியாத்தில் நர்ஸாக இருக்கிறேன். வருஷக்கணக்கான மூட்டுவலியோடு வரும் அரபிப் பாட்டிகளிடம், "பூஜ்யத்திலிருந்து 10க்குள் வலி எவ்வளவு?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" (எல்லாப் புகழும் இறைவனுக்கே) என்கிறார்கள். முகமோ சுருங்கிக் கிடக்கிறது. சார்ட்டில் என்ன எழுதுவது? வலியைச் சொல்வது பாவம் என்று நினைக்கிறார்களா?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

யார் நலம் கேட்டாலும் அவர்களுக்கு முதலில் இறைவனுக்கு நன்றி, அப்புறம்தான் உடம்பு. நம் ஊர் முஸ்லிம் வீடுகளிலும் அப்படித்தானே? அதனால் அந்தச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

மஸ்கட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ஓமானிப் பாட்டி கஹ்வா (அரபிக் காப்பி) ஊற்றிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து, மூச்சை அடக்கி, மூன்று தவணையில் எழுவார். எப்போது கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ்தான். ஒருநாள், தொழுகையில் சிரம் பணிவதைப் பற்றி, "ஸுஜூதில் நெற்றி தரையைத் தொடுகிறதா பாட்டி?" என்றேன். கண் கலங்கிவிட்டது. நாலு மாதமாக நாற்காலியில்தான் தொழுகையாம். முடியாதவர் உட்கார்ந்தோ படுத்தோ தொழலாம் என்று நபிமொழியே இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் நெற்றிக்கும் தரைக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளிதான் அவருடைய வலியின் அளவு. அதன்பின் 'ருக்பா, ருக்பா' என்று முழங்காலைத் தடவித் தடவி அரைமணி நேரம் பேசினார்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதரிடம் முறையிடத் தயங்குபவர்கள் உண்டு. ஆனால் பொறுமைக்கு அவர்கள் எடுத்துக்காட்டும் அய்யூப் நபியே, குர்ஆனின் 21ஆம் அத்தியாயத்தில், "என்னைத் துன்பம் தீண்டிவிட்டது" என்று இறைவனிடம் வாய்விட்டுச் சொல்கிறார். நீங்கள் கேட்டு அவர்கள் சொன்னால் அது முறையீடு ஆகாது, பதில்தான்.

எண் வராவிட்டால் வலியின் குணத்தைக் கேளுங்கள். ஆயிரம் வருஷம் முன்பே மருத்துவ அறிஞர் இப்னு சீனா தம் அரபு மருத்துவ நூலில் வலியை 15 வகையாகப் பிரித்தார்: குத்துவது, அழுத்துவது, துளைப்பது, கனப்பது என்று. பாட்டிகளிடமும் அந்தச் சொற்கள் இருக்கின்றன. நாட்பட்ட வலியை அரபியில் 'முஸ்மின்' என்பார்கள், காலம் என்று பொருள்படும் 'ஸமன்' என்பதிலிருந்து பிறந்த சொல். நாம் நாளை வைத்து 'நாட்பட்ட' என்கிறோமே, அதே மாதிரி. எனவே எத்தனை காலமாக என்றும் கேளுங்கள், தூக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே சார்ட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று. ரமலானில் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் பலர் மத்தியான மாத்திரையைச் சொல்லாமல் விட்டுவிட்டு நோன்பு பிடிப்பார்கள். பிறை பார்ப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசி, முடிந்தவரை வேளைகளை இஃப்தாருக்கும் (நோன்பு திறக்கும் வேளை) சஹருக்கும் (விடியுமுன் சாப்பிடும் வேளை) மாற்றி வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா