சூரியகாந்தி டாட்டூ: மஞ்சள் நிற்குமா, எங்கே குத்தலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் நல்ல கறுப்பு. மஞ்சள் இதழ்களோடு தோளில் சூரியகாந்தி போட்டுக்கொள்ள ஆசை. "உன் நிறத்துக்கு மஞ்சள் எடுக்காது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. டாட்டூ மை தங்குவது தோலின் இரண்டாம் அடுக்கில், ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். நிறம் தரும் மெலனின் இருப்பதோ அதற்கு மேலடுக்கில். ஆக, எந்த மையையும் ஒரு பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறோம். கறுப்பு மைக்கு இதனால் நஷ்டமில்லை. எலுமிச்சை மஞ்சளுக்கு ரொம்ப நஷ்டம்: ஆறிய பிறகு அழுக்கேறிய மாதிரி தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் மஞ்சளை விடச் சொல்லவில்லை; அடர்த்தியாக்கச் சொல்கிறோம். இதழின் அடியில் செம்பழுப்பு, நடுவில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், நுனியில் மட்டும் கொஞ்சம் பளிச்சென்ற மஞ்சள் என்று மூன்று படியாக ஏற்றச் சொல்லுங்கள். சுற்றிலும் கறுப்பு அல்லது அடர்பழுப்பு வெளிக்கோடு கட்டாயம் வேண்டும். கோடே இல்லாமல் வண்ணம் கரைந்து ஓடும் வாட்டர்கலர் பாணி, உங்கள் தோலில் இரண்டு மூன்று வருடத்தில் அடையாளம் தெரியாமல் போய்விடும். இதழில் ஒளி விழுவதைக் காட்ட வெள்ளை மை வேண்டாம், அதுவும் ஆறியதும் மங்கிப்போகும். அந்த இடத்தில் மை ஏற்றாமல் தோலை அப்படியே விட்டாலே போதும்.

சந்தேகம் தீராவிட்டால், மறைவான இடத்தில் நான்கு வகை மஞ்சளை வகைக்கொரு பொட்டாக வைத்து ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். கலைஞரிடம் படம் கேட்கும்போதும், குத்திய அன்று எடுத்த படத்தைக் கேட்காதீர்கள். எல்லா டாட்டூவும் அன்றைக்கு அழகுதான். உங்கள் நிறமுள்ளவருக்குப் போட்டு ஒரு வருடம் ஆன படம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களைக் கேட்டால், கறுப்பு மையால் மட்டும் புள்ளிப் புள்ளியாகப் போடுங்கள் என்போம். சூரியகாந்தியை அடையாளம் காட்டுவது அதன் பெரிய நடுவட்டம்தான். மஞ்சள் இல்லாவிட்டாலும் யாரும் அதைச் செவ்வந்தி என்று நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: மணிக்கட்டின் உட்புறத்தில் 2 செ.மீ. அளவில் சின்னதாக ஒன்று. நடுவில் விதைச் சுழல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். முடியுமா?

பதில்: குத்தித் தருவார்கள். நிற்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 செ.மீ. பூவில் நடுவட்டம் 8 மி.மீ. இருக்கும், அதன் சுற்றளவு சுமார் 25 மி.மீ. நிஜப் பூவில் விதைச் சுழல்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாக 34, மறுபக்கமாக 55 என்று ஓடும். 34-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு சுழலுக்குக் கிடைப்பது 0.7 மி.மீ. மெல்லிய ஊசியில் போட்ட கோடும் வருடம் போகப் போகக் கொஞ்சம் தடிக்கும். தோலில் மை பரவுவது இயல்பு, யார் தவறும் இல்லை. ஐந்தாம் வருடம் அந்த விதைகள் எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும்.

ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 1.5 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். அப்படிப் பார்த்தால் 34 சுழலுக்கு நடுவட்டம் 16 மி.மீ., பூ மொத்தம் 4 முதல் 5 செ.மீ. சிறிய பூக்களில் 21 சுழல்களும் உண்டு. அதற்கு நடுவட்டம் 10 மி.மீ. போதும், பூ 3 செ.மீ.க்குள் அடங்கும். 2 செ.மீ.தான் வேண்டும் என்றால் விதையை மறந்துவிடுங்கள்: நடுவட்டத்தை அடர்த்தியாக நிரப்பி, விளிம்பில் மட்டும் ஒரு வரிசைப் புள்ளி, எட்டு முதல் பத்து இதழ், ஒவ்வொரு இதழிலும் அடியிலிருந்து ஒரே ஒரு குட்டைக் கோடு. இது பல வருடம் சுத்தமாக நிற்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். மடிப்பில் மை சீராக நிற்பதில்லை. கைக்கடிகாரப் பட்டை உரசும் இடமாக இருந்தால் ஆறும் வரை கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: முன்கையில் ஸ்டென்சில் (குத்தும் முன் தோலில் பதிக்கும் மாதிரி வரைபடம்) ஒட்டிப் பார்த்தபோது பூ வட்டமாக இருந்தது. கையைத் திருப்பினால் முட்டை மாதிரி நீள்கிறது. கலைஞர் "அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பூ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதிலும் குழப்பம்.

பதில்: ஸ்டென்சிலை உள்ளங்கை மேலே இருக்கும்படி மேசையில் கையை வைத்து ஒட்டியிருப்பார்கள். முன்கையில் இரண்டு எலும்புகள். உள்ளங்கையைக் கீழே திருப்பும்போது ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்காகச் சாய்கிறது. தோலும் கூடவே முறுக்கிக்கொள்கிறது. மணிக்கட்டுப் பக்கம் முறுக்கு அதிகம், முழங்கைப் பக்கம் குறைவு.

எழுந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கட்டைவிரல் முன்னே பார்க்க இருக்கும்போது ஒட்டச் சொல்லுங்கள். அன்றாடம் மற்றவர்கள் பார்க்கும் நிலை அதுதான். பூவை முழங்கைப் பக்கமாக ஏற்றி, தண்டை மணிக்கட்டு நோக்கி இறக்கினால் முறுக்கு முழுவதும் தண்டில்தான் விழும். தண்டு வளைந்தால் யாருக்கும் உறுத்தாது. இன்னொரு வழி, நேராகப் பார்க்கும் பூவுக்குப் பதில் சற்றே சாய்ந்த பூவைத் தேர்ந்தெடுப்பது. முதலிலேயே நீள்வட்டமாக வரைந்த பூ, இன்னும் கொஞ்சம் நீண்டால் தெரியப்போவதில்லை.

அகலத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பூ போடும் இடத்தில் கையின் சுற்றளவை நூல் வைத்து அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். சுற்றளவு 24 செ.மீ. என்றால் பூ 8 செ.மீ. அதற்கு மேல் போனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சில இதழ்கள் குறுகியோ மறைந்தோ தெரியும்.

திசை விஷயத்தில் டாட்டூ கலைஞர்கள் வழக்கமாகச் சொல்வது, கை தொங்கும்போது பூ மேலே, தண்டு கீழே. உங்கள் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும், எதிரே நிற்பவருக்குச் சரியாகத் தெரியும். காகிதத்தில் அச்செடுத்து வெட்டி, இரண்டு விதமாகவும் கையில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படம் வாக்குவாதத்தைத் தீர்த்துவிடும். ஸ்டென்சிலை அழித்துவிட்டு மூன்று முறை மாற்றி ஒட்டச் சொல்வதிலும் கூச்சம் வேண்டாம். அதற்கு முகம் சுளிப்பவரிடம் குத்திக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

கேள்வி: மேல்கையில் ஒரு பெயர் குத்தியிருக்கிறேன், 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. உயரம். இப்போது அந்தப் பெயர் வேண்டாம். சூரியகாந்தியால் மறைக்க முடியுமா?

பதில்: மறைக்க ஏற்ற பூக்களில் சூரியகாந்திக்குத்தான் முதலிடம். காரணம் மறுபடியும் அந்த நடுவட்டம். புது மை பழைய மையின் மேல் பூச்சாகப் படிவதில்லை. அதே அடுக்கில் போய்க் கலக்கிறது. அதனால் கறுப்பு எழுத்தின் மேல் மஞ்சள் இதழ் போட்டால் எழுத்து அப்படியே எட்டிப்பார்க்கும். இருட்டான பகுதிதான் எழுத்தை விழுங்கும்.

நேராகப் பார்க்கும் பூ என்றால் 5 செ.மீ. பெயருக்கு 6 செ.மீ. நடுவட்டம் வேண்டும், பூ 14 செ.மீ.யைத் தாண்டும். மேல்கை அதைத் தாங்காது. சாய்ந்த பூவாக வரைந்தால் நடுவட்டம் 6 செ.மீ. அகலமும் இரண்டரை செ.மீ. உயரமும் உள்ள நீள்வட்டம் ஆகிவிடும், பெயர் அதற்குள் அடங்கும். அதையும் சுருக்க வேண்டுமானால் நடுவட்டத்தை 4 செ.மீ. ஆக்கி, இரு முனையிலும் மிஞ்சும் எழுத்தை இதழின் அடிப்பகுதிக்குள் விடலாம். அடர்ந்த செம்பழுப்பு இதழ் கொண்ட சூரியகாந்தி வகைகள் நிஜத்திலேயே உண்டு. அந்த நிறத்தை எடுத்துக்கொண்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதலில் பழைய எழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால், மேலே எந்த நிறம் ஏற்றினாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்தின் வடிவம் தெரியும். மழமழப்பான கறுப்பு நிரப்பலுக்குப் பதில் விதைப் புள்ளிகளாகப் போடச் சொல்லுங்கள். சொரசொரப்பான வடிவத்துக்குள் மேடு கண்ணில் படாது. எழுத்து மிகவும் கறுப்பாக இருந்தால் லேசரில் இரண்டு மூன்று முறை வெளிறச் செய்துகொண்டு வருவது நல்லது. முழுதாக அழிய வேண்டியதில்லை. ஒவ்வொரு முறைக்கும் நடுவே 6 முதல் 8 வாரம் விட வேண்டும். கருத்த தோலில் லேசரால் தோலின் நிறமே வெளுத்துவிடும் ஆபத்து உண்டு. எனவே தோல் மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள்.

குத்தி முடித்த அன்று பெயர் மறைந்தே தெரியும். ஒன்றிரண்டு மாதத்தில் எழுத்து லேசாகத் திரும்பி வருவது சகஜம். இரண்டாம் முறை மை ஏற்றுவதையும் சேர்த்தே முதலில் பேசி முடியுங்கள்.

கேள்வி: வலி குறைவாக, நாள்பட நிற்கும் இடம் எது? முழங்கை முட்டியில் நடுவட்டம் வரும்படி போட்டால் அழகாக இருக்குமே?

பதில்: மேல்கையின் வெளிப்புறம், தொடையின் வெளிப்புறம், கெண்டைக்காலின் பக்கவாட்டு. சதை உண்டு, வெயில் குறைவு, வலியும் தாங்கக்கூடியது. தோள் உருண்டையில் நேராகப் பார்க்கும் வட்டப்பூ அழகாகப் பொருந்தும். விலாவும் காறை எலும்பும் வலிக்கும் இடங்கள். விலாவில் மூச்சுக்கு மூச்சு தோல் அசைவதால் நீண்ட கோடு போடுவதும் கடினம். விரலின் பக்கவாட்டு, பாத ஓரம் இரண்டும் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் அழியும்.

முழங்கை படத்தில் அழகுதான். அங்கே தோல் தடிப்பு, மடிப்பு அதிகம். மை திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும், டச்-அப் (விட்டுப்போன இடத்தில் மறுபடி மை ஏற்றுவது) இல்லாமல் முடியாது. ஆனாலும் நடுவட்டம் அடர்நிறம் என்பதால் மற்ற வடிவங்களைவிட இது தேறும். ஆறும் வரை முழங்கையை மேசையில் ஊன்றாமல் இருக்க முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: தோளில் ஒரு மச்சம் இருக்கிறது. அதையே ஒரு விதையாக்கிவிடலாமா? என் தோல் காயம் பட்டால் தடித்துப்போகும் வகை, அதனால் பிரச்சினையா?

பதில்: மச்சத்தின் மேல் மை ஏறக்கூடாது. அதன் நிறமோ ஓரமோ மாறினால் கண்ணில் பட வேண்டும். கறுத்த நடுவட்டத்துக்குள் போட்டு மூடினால் மாற்றம் தெரியாது. சுற்றிலும் அரை செ.மீ.யாவது வெற்றுத் தோல் விட்டு, இதழ்களுக்கு வெளியே வரும்படி பூவை நகர்த்துங்கள்.

இரண்டாவது விஷயம்தான் பெரிது. காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்திருந்தால் அது கெலாய்டு. தோளும் மார்பும் மேல்முதுகும் அது அதிகம் வரும் இடங்கள். தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குத்திப் பத்து நாள் ஆகிறது. மஞ்சள் மங்கலாக, மேலே பால் படர்ந்த மாதிரி இருக்கிறது. தண்டின் ஓரத்தில் நீலமாக ஒரு தீற்றல். கெட்டுவிட்டதா?

பதில்: மங்கலுக்குக் கவலை வேண்டாம். உரிந்த தோலுக்கு அடியில் வரும் புதுத்தோல் சில வாரம் அப்படித்தான் இருக்கும். பொருக்கைப் பிய்க்காமல், வாசனை இல்லாத சோப்பில் கழுவி, மெல்லிசாகக் களிம்பு தடவி வாருங்கள். மூன்று வாரம் நீச்சல் வேண்டாம். முழுதாக ஆறிய பிறகு வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவுங்கள். சிவந்து சூடாக வீங்கினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாட்டூ கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போங்கள்.

நீலத் தீற்றல் ரத்தக்கட்டாக இருந்தால் பச்சை, மஞ்சளாக மாறி இரண்டு வாரத்தில் போய்விடும். அப்படியே இருந்தால் ஊசி ஆழமாகப் போய், மை அடிக்கொழுப்பில் பரவியிருக்கிறது என்று பொருள். அதைத் துடைத்தெடுக்க வழியில்லை. மேலே தோல்நிற மை ஏற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், திட்டாகத் தெரியும். இரண்டு மாதம் பொறுத்து, தண்டின் அந்தப் பக்கத்தில் அடர்பச்சை இலை ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். சூரியகாந்தி இலை இதய வடிவில் அகலமானது, ஒரு விரல் அகலத் தீற்றலை எளிதாக மூடிவிடும்.