காய் வறுபடாமல் அவிந்துபோவது ஏன்?

கேள்வி: ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் கேரட், காலிஃப்ளவரை அவன் (oven) அடுப்பில் 200 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைத்தும் சிவக்கவில்லை, குழைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: பாத்திரத்தின் உயரம்தான் காரணம். காய் விடும் ஈரம் வெளியேறாமல் உள்ளேயே ஆவியாகச் சுற்றும். கண்ணாடி சூடேறவும் நேரமாகும். ஓரம் ஓர் அங்குலத்துக்கு மிகாத, கனமான அலுமினியத் தட்டுக்கு மாறுங்கள். மெல்லிய தட்டு வேண்டாம். சூட்டில் ‘டங்’கென்று வளைந்து, எண்ணெயெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

அவனை 220 டிகிரிக்கு ஏற்றும்போதே வெறும் தட்டையும் உள்ளே வையுங்கள். கழுவிய காயை ஈரம் போகத் துடைத்து, அரை கிலோவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் பிசிறி, விரல் அகல இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடம் போதாதா? இரண்டு தட்டு. நெருக்கினால் பழைய கதைதான். 20 நிமிடம் தொடாதீர்கள். அடிப்பக்கம் சிவந்தால் தானே விடுபடும், அவசரப்பட்டுக் கிளறினால் பிய்ந்து ஒட்டும். பிறகு திருப்பிப் போட்டு 10 நிமிடம்.

கேள்வி: நான்-ஸ்டிக் தட்டு சரிவருமா?

பதில்: அதைக் காலியாகச் சூடாக்கக் கூடாது, தயாரிப்பாளர் சொன்ன வெப்ப எல்லையையும் தாண்டாதீர்கள். கறுப்புத் தட்டில் அடி சீக்கிரம் கருகும், ஐந்து நிமிடம் முன்னதாகவே பாருங்கள்.