எடுத்தவர் யார்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். விக்கிப்பீடியாவில் நம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் டி.ஆர்.சுந்தரம் பற்றிய கட்டுரைக்காக நான் திருத்திய சில வரிகளை, முன்பு இருந்தபடியும் இப்போது உள்ளபடியும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உரைநடையை மட்டும்தான் தொட்டேன், ஒரு தகவலையும் மாற்றவில்லை. ஆனாலும் இன்னொரு பயனர் வந்து பாதியைப் பழையபடி மாற்றிவிட்டார். நான் செய்ததில் என்ன தவறு?

பதில்: தகவலை மாற்றவில்லை என்று நீங்கள் மனதார நம்புகிறீர்கள், ஆனால் மாறியிருக்கிறது. உங்கள் வரிகளையே பார்ப்போம்.

முதலில் இருந்தது: ‘முதல் மலையாளப் பேசும் படமான பாலனை (1938) சுந்தரம் தயாரிக்க, எஸ்.நொட்டானி இயக்கினார்.’ நீங்கள் எழுதியது: ‘முதல் மலையாளப் பேசும் படமான பாலனை 1938-ல் எடுத்தவர் சுந்தரம்.’ காதுக்கு இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் ‘படம் எடுத்தார்’ என்றால் பணம் போட்டவரையும் சொல்லலாம், இயக்கியவரையும் சொல்லலாம், பேச்சில் கேமராக்காரரைக்கூடச் சொல்லிவிடுவோம். சுந்தரம் தயாரித்ததோடு நிற்காமல் தானே இயக்கிய படங்களும் பல இருப்பதால், படிக்கிறவர் பாலனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். நொட்டானியின் பெயர் அதோடு போயிற்று. மந்திரி குமாரி (1950) பற்றிய வரியிலும் இதே ‘எடுத்தவர்’ வந்து, எல்லிஸ் ஆர்.டங்கனும் சுந்தரமும் சேர்ந்து இயக்கிய படம் ஒருவர் கணக்குக்குப் போய்விட்டது. சினிமாக்காரர் வாழ்க்கை வரலாற்றில் இந்த ஒரு வினைச்சொல்லைக் கண்டால் நான் உடனே நிறுத்தி, தயாரித்தாரா இயக்கினாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

அடுத்து, அலிபாபாவும் 40 திருடர்களும் (1956). ‘தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்’ என்று இருந்ததில் ‘முழுநீள’வை எடுத்துவிட்டீர்கள். வாக்கியம் இளைத்தது, உண்மையும் போய்விட்டது. சில காட்சிகளை மட்டும் வண்ணத்தில் காட்டிய படங்கள் அதற்கு முன்பே வந்திருக்கின்றன, அந்தச் சொல் அங்கே நின்றதே அதற்காகத்தான். ஆண்டுகளிலும் இந்த ஆபத்து உண்டு: மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது 1935, அதன் முதல் படமான சதி அகல்யா வந்தது 1937. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மடக்கும்போது ஏதாவது ஒன்றுதான் மிஞ்சும்.

மூன்றாவது, சுந்தரம் பிறந்த ஊரைச் சொல்லும் வரியில் ‘அன்றைய’ என்ற சொல்லை எடுத்தது. இது என் மனதைத் தொட்டது, ஏனென்றால் அதே பிழையை நானே செய்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெரியவரின் மணிவிழா மலரில் ‘அன்றைய சேலம் மாவட்டம், ராசிபுரத்தில் பிறந்தார்’ என்று வந்தது. ‘அன்றைய’ எதற்கு, வெறும் அடைசல் என்று அடித்துவிட்டேன். நாமக்கல் மாவட்டம் 1997-ல் பிரிந்துபோனது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மலர் அச்சாகி வந்த பிறகு அந்தப் பெரியவரே நேரில் வந்து, பக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால் தேவலை. சுந்தரம் பிறந்த திருச்செங்கோடும் அன்று சேலம் மாவட்டம், இன்று நாமக்கல். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம், 1965-ல் தருமபுரி பிரிந்தபோது அதோடு போய், 2004 முதல் கிருஷ்ணகிரி. நம் பக்கத்துப் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது ‘அன்றைய’, ‘இன்றைய’ இரண்டும் உயிர்ச்சொற்கள், தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அதனால், தரம் பார்க்க உட்காரும்போது மொழியை முதலில் தொடாதீர்கள். சான்றுகளைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக, இந்த வரியில் உள்ளது அந்தச் சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘சான்று தேவை’ என்று போடுங்கள். சான்றாகத் தந்திருக்கும் செய்தி விக்கிப்பீடியாவையே பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம், அப்புறம் நாம் சொன்னதற்கு நாமே சாட்சி என்று ஆகிவிடும். செய்தியின் தேதியையும், கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த வரி முதலில் ஏறிய தேதியையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மிகவும் சலிப்பான வேலை இது, ஆனால் தரம் பார்ப்பதில் முக்கால்வாசி இதுதான். இவ்வளவும் முடிந்த பிறகு மொழிக்கு வாருங்கள். அதையும் ஒரே மூச்சில் செய்து சேமிக்காமல் பத்தி பத்தியாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது குறிப்பு எழுதும் பெட்டி) காரணம் எழுதுங்கள், பிடிக்காத ஒன்றை மட்டும் மற்றவர் மீட்டுக்கொள்ளலாம்.

ஒன்று விட்டுப்போனது. உங்கள் திருத்தங்களில் அருமையானவையும் உண்டு. ‘நினைவு கூறுகின்றனர்’ என்பதை ‘நினைவுகூர்கின்றனர்’ ஆக்கியது, ‘முயற்சித்தார்’ என்பதை ‘முயன்றார்’ ஆக்கியது, வரிக்கு வரி ‘இவர்’ என்று தொடங்கியதைக் குறைத்தது, ‘ஈடு இணையற்ற சாதனைச் செம்மல்’ என்ற பட்டத்தை எடுத்தது, எல்லாம் சரி. ‘அமரரானார்’ என்பதை ‘இறந்தார்’ என்று மாற்றியது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ‘இறந்தார்’ என்பதில் அந்த ‘ஆர்’ இருக்கிறதே, மரியாதை அதிலேயே வந்துவிடுகிறது. பழையபடி மாற்றிய பயனரோடு பேச்சுப் பக்கத்தில் பேசுங்கள், வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பது தெரிகிறது, உங்களுக்கு நல்ல துணையாவார்.

கேள்வி: நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் எங்கள் ஏற்காட்டில், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கல்கத்தாவில் இறந்ததாக விக்கிப்பீடியா கட்டுரையில் இருக்கிறது. மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. அவர் 1912 டிசம்பரில் இறந்தது கல்கத்தாவில்தான். ஏற்காட்டில் வாழ்ந்தவர், அதனால் நினைவிடம் அங்கே. நினைவிடம் இருக்கும் ஊரே இறந்த ஊர் என்று எடுத்துக்கொள்வது வாழ்க்கை வரலாறுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று, ‘நானே பார்த்தேன்’ என்பது விக்கிப்பீடியாவில் சான்று ஆகாது, அச்சில் வந்ததைக் காட்ட வேண்டும். ஆனால் நீங்கள் அந்த ஊரில் இருப்பது பெரிய வசதி. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவில் அந்தக் காலத்து மனிதர் வாழ்ந்ததைக் காட்டியவர் அவர். தேவாலயத்தில் அனுமதி கேட்டு, வெயில் சாய்ந்த நேரத்தில் நினைவிடத்தின் எழுத்து படிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: என் தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றி நானே கட்டுரை தொடங்கலாமா?

பதில்: நீங்களே தொடங்காமல் இருப்பது நல்லது. அவரைப் பற்றி அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் ஏதாவது வந்திருந்தால் நறுக்குகளின் தேதியையும் பக்கத்தையும் குறித்து, உறவையும் சொல்லி, பேச்சுப் பக்கத்தில் வையுங்கள். எழுதுவது வேறொருவர் கையாக இருக்கட்டும். ஒன்றுமே அச்சில் வரவில்லை என்றால் வீட்டில் இருக்கும் படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி வைக்கிற வேலையை முதலில் முடியுங்கள், அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே.