பிளேஸ்மென்ட் டெஸ்ட்: ‘ஃபெயில் கிடையாது’ என்பதை நம்பி அனுப்பாதீர்கள்

ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு அமெரிக்கா வந்து, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரியில்) சேர்க்கப்போகும் பெற்றோருக்கு இது. சேர்ந்ததும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் எந்த நிலை வகுப்பில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய வைப்பதுதான் பிளேஸ்மென்ட் டெஸ்ட். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது என்று கல்லூரியில் சொல்வார்கள். அது உண்மைதான். மதிப்பெண் குறைந்தாலும் சேர்க்கை போகாது. ஆனால் பிள்ளையை ரெமீடியல் வகுப்பில், அதாவது பள்ளிப் பாடத்தையே திரும்பச் சொல்லித்தரும் வகுப்பில், போட்டுவிடலாம். அதற்கும் கட்டணம் உண்டு. அதன் கிரெடிட் (பாட அலகு) பட்டத்தில் சேராது. கணக்கில் இரண்டு படி கீழே போனால் ஒரு வருடம் போயிற்று.

அதனால் முதல் கேள்வி, ‘எழுதத்தான் வேண்டுமா?’ கலிஃபோர்னியாவில் 2017-ல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே வகுப்பு ஒதுக்குகிறார்கள். டெக்சாஸில் டிஎஸ்ஐஏ2 என்ற தேர்வு. எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் கணக்கில் 530-ம் ஆங்கிலத்தில் 480-ம் எடுத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு விலக்கு உண்டு. எழுதுவதானால், அதற்கு முன் ‘ப்ரீ-அசெஸ்மென்ட் ஆக்டிவிட்டி’ என்ற ஆன்லைன் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். மற்றப் பல மாநிலங்களில், எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் அக்யூப்ளேசர் தேர்வு.

அக்யூப்ளேசரில் ரீடிங் 20 கேள்வி, ரைட்டிங் 25, கணக்கில் ஒவ்வொரு பகுதிக்கும் 20. மதிப்பெண் 200-லிருந்து 300 வரை. எந்த மதிப்பெண்ணுக்கு எந்த வகுப்பு என்பதைக் கல்லூரியே வைத்துக்கொள்கிறது. பக்கத்துக் கல்லூரியின் கட்-ஆஃப் உங்களுக்கு உதவாது.

தேர்வு நடக்கும் விதம்தான் நம் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. முந்தைய பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும். ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, திரும்பி வந்து திருத்தவும் முடியாது. ‘தெரிந்ததை முதலில் போடு’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த உத்தி இங்கே எடுபடாது. அதே சமயம் தேர்வுக்கு நேரக் கட்டுப்பாடும் இல்லை. அவசரமாக அரை மணியில் முடித்துவிட்டு எழுந்து வருவதைப் போல வீண் வேலை வேறில்லை. தவறான பதிலுக்குக் கழிவு கிடையாது. தெரியாவிட்டாலும் யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

கணக்கில் கால்குலஸ் வரை படித்த பிள்ளையும் பின்னத்திலும் சதவீதத்திலும் சறுக்கும். கால்குலேட்டரைக் கையில் கொண்டுபோகக் கூடாது. சில கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே வரும். அடி, அங்குலம், கேலன், குவார்ட்டர், டைம் (பத்து சென்ட் நாணயம்) என்று வரும் வாக்கியக் கணக்குகளை முன்கூட்டியே பழக வேண்டும்: ஒரு அடிக்கு 12 அங்குலம், ஒரு குவார்ட்டர் 25 சென்ட். இன்ஜினியரிங் போகிற பிள்ளை இன்னொன்றும் கேட்க வேண்டும். கணக்கில் இரண்டு மேல்நிலைத் தேர்வுகள் உண்டு. பொதுவானதை மட்டும் எழுதினால், கால்குலஸ் வகுப்புக்குப் பல கல்லூரிகளில் வழி கிடைக்காது. ‘அட்வான்ஸ்டு அல்ஜீப்ரா அண்ட் ஃபங்ஷன்ஸ்’ பகுதியையும் எழுத வேண்டும்.

அக்யூப்ளேசருக்குப் பதில் அலெக்ஸ் பிபிஎல் என்ற ஆன்லைன் கணக்குத் தேர்வை வைத்திருக்கும் கல்லூரி என்றால் கதையே வேறு. அதிகபட்சம் 30 கேள்வி, மதிப்பெண் 100-க்கு. முதல் முயற்சிக்குப் பின் எங்கே ஓட்டை என்று காட்டி, அதற்கான பாடங்களையும் கொடுக்கும். மறுபடி எழுதவும் அனுமதி உண்டு. முதல் மதிப்பெண்ணோடு நின்றுவிடுவது சோம்பேறித்தனம் என்பேன்.

கட்டுரை கேட்டால், அக்யூப்ளேசரின் கட்டுரைத் தேர்வான ரைட்ப்ளேசருக்கு 300 முதல் 600 வார்த்தை. மதிப்பீடு 1 முதல் 8 வரை. மனப்பாடம் செய்த கட்டுரையைக் கொட்டினால், தலைப்பைத் தொடாமலே போய்விடும். கேட்ட தலைப்பில் ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு இரண்டு மூன்று காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம். கடைசியில் எழுத்துப்பிழை பார்க்க ஐந்து நிமிடம்.

விண்ணப்பத்தில் ‘வீட்டு மொழி தமிழ்’ என்று எழுதியதைப் பார்த்து, சில இடங்களில் இஎஸ்எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கான) தேர்வுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆங்கில வழியில் படித்திருந்தால், பள்ளிச் சான்றிதழைக் காட்டி வழக்கமான ஆங்கிலத் தேர்வு கேளுங்கள். நிஜமாகவே ஆங்கிலம் தடுமாறினால் மட்டும் இஎஸ்எல் நல்லது.

ஒதுக்கிய வகுப்பு கீழே என்று தோன்றினால், அன்றே பதிவு செய்துவிடாதீர்கள். மறுதேர்வுக்கு எத்தனை நாள் இடைவெளி, கட்டணம் எவ்வளவு, ‘கோரிக்விசிட்’ உண்டா என்று ஆலோசகரைக் கேளுங்கள். கோரிக்விசிட் என்றால், கல்லூரி நிலைப் பாடத்தையும் துணை வகுப்பையும் ஒரே செமஸ்டரில் சேர்த்துப் படிப்பது.