பிஎச்.டி.யா, கல்யாணமா என்று கேட்கும் அப்பாவுக்கு

எம்.ஏ. பொருளியல் முடித்த மகள் பிஎச்.டி. சேர வேண்டும் என்கிறாள், வீட்டிலோ வரன்கள் வருகின்றன, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்ற நிலைமை இல்லை ஐயா.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி, ஆய்வை முடிக்கும் கால வரம்பில் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு தளர்வு உண்டு. பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை எடுக்கலாம். கல்யாணமாகி வேறு ஊர் போனால், செய்த ஆய்வை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் விஷயத்தில்தான். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட கைடு முக்கியம் என்பேன். சேரும் முன் அவரிடம் படித்த பெண்கள் இரண்டு மூன்று பேரிடம் மகளைப் பேசச் சொல்லுங்கள். ஆய்வேட்டைக் கொடுக்க எத்தனை வருடமானது, கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் திருத்தித் தந்தார், குழந்தை பிறந்தபோது எப்படி நடந்துகொண்டார், பாதியில் விட்டவர்கள் உண்டா என்று கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கைடு பாருங்கள்.

வேலை கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. உதவிப் பேராசிரியருக்கு அடுத்த படியான இணைப் பேராசிரியர் பதவிக்கு நேரடியாகத் தேர்வாக, பிஎச்.டி.யோடு 8 ஆண்டு அனுபவமும் 7 ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். கல்லூரியில் விழா என்றால் குத்துவிளக்கு, கோலம், வரவேற்பு மேசை எல்லாம் பெண் ஆசிரியர்கள் தலையில்தான் விழும். வீட்டுக்குப் போனால் அடுப்படி. கட்டுரை எழுத நேரம் எங்கே? திறமையான எத்தனையோ பெண்கள் உதவிப் பேராசிரியராகவே நின்றுவிடுவது இதனால்தான். எனக்கு இதில் தீராத ஆதங்கம். அதனால் ஆய்வுக் காலத்திலேயே இரண்டு நல்ல கட்டுரைகளாவது வெளியிட்டுவிட வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு வாரத்தில் ஒரு மாலையாவது எழுத்துக்கென்று ஒதுக்கிக்கொள்ளட்டும்.

தமிழ் வழியில் படித்தவள் என்று தயங்குகிறீர்கள். அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் படித்த ந. கலைச்செல்வி, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, அதன் இயக்குநராகி, 2022-இல் நாட்டின் அறிவியல், தொழில் ஆய்வுக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆரின் முதல் பெண் தலைமை இயக்குநரானார்.

வரன் பாருங்கள், தவறில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் "படிக்க வைப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். கள ஆய்வுக்காக அவள் சில வாரம் வெளியூரில் தங்க வேண்டிவரும், ஆய்வேடு எழுதும் மாதங்களில் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிவரும் என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் மகளே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

நெட் தேர்வு வழக்கமாக வருடத்தில் இரண்டு முறை நடக்கும். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால், அந்தத் தேர்வில் சலுகை பெற மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தேவைப்படும்; கையில் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.