அப்பா செய்தது தவறுதான், ஆனால் அரியர் உங்களுடையது

அப்பா கட்டாயப்படுத்தி இன்ஜினியரிங் சேர்த்தார், 7 அரியர், 3 வருஷமாக வேலை இல்லை, எல்லாம் அவரால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அவர் செய்தது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பரீட்சையை அவர் வந்து எழுத முடியாதே.

நானும் அப்பாவைத் திட்டிக்கொண்டே மொட்டைமாடியில் நாலு வருஷம் படுத்துக் கிடந்தவன். கோபத்தில் நியாயம் இருந்ததால்தான் எழுந்திருக்கவே தோன்றவில்லை. அம்மா தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போவார், அந்தக் காலடிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

1967-இல் செலிக்மன், மேயர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தப்பிக்க வழியில்லாமல் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள் (கொடுமைதான்). அப்புறம் ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் போதும் என்ற நிலையிலும் பல நாய்கள் அப்படியே படுத்துவிட்டன. கயிறு கட்டி மறுபக்கம் திரும்பத் திரும்ப இழுத்துப் போன பிறகுதான் தானாகத் தாண்டின.

உங்களுக்கும் முதலில் அந்த இழுப்புதான் தேவை. சரி, ஏழு அரியரையும் இப்போது யோசிக்காதீர்கள். இருப்பதில் சுலபமான ஒரு பேப்பருக்கு மட்டும் இந்த முறை பணம் கட்டுங்கள், கட்டும்போது ஒரு நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.